வில்லியனூர் வழி, பாகூர்

"ஏம்மா, நீ காலேஜிலே பிரெஞ்சு படிச்சவதானே? ஒரு நடை வந்து இந்தப் பத்திரத்தைப் படிச்சுச் சொல்லிட்டுப் போயேன். தை பிறக்கறதுக்குள்ளே பதில் சொல்லணும்னு அந்த ஆள் நச்சரிக்கிறான்."

பாகூரிலிருந்து அத்தை டெலிபோனில் இப்படிக் கேட்டபோது எனக்கு உள்ளூறக் கொஞ்சம் உதறல்தான். நான் பிரெஞ்சு படித்தது, மார்க் தாராளமாகப் போடுவார்கள் என்ற ஒரே காரணத்துக்காக. ஆனால் நம் குடும்பங்களில் ஒருத்தி ஒன்றைப் படித்துவிட்டாள் என்றால் ஆயுள் முழுவதும் அதற்கு அவள்தானே பொறுப்பு! அத்தைக்கு மூன்று காணி நிலம் இருக்கிறது. அதை மனைகளாகப் பிரித்து விற்க ஒருவர் விலை பேசுகிறார். நிலத்தின் பத்திரமோ பிரெஞ்சு ஆட்சிக் காலத்தது. மாமா இருந்த வரையில் அதைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இப்போது மாமா இல்லை.

ஆசிரியரிடம் இரண்டு நாள் லீவு கேட்டேன். "பாகூரா? லீவு எதற்கு, கட்டுரையோடு வாருங்கள்" என்று சொல்லி, நம் சித்திரக்காரரையும் உடன் அனுப்பி வைத்தார். மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றில் நாங்கள் இருவரும் புதுச்சேரி பஸ் நிலையத்தில் இறங்கினோம்.

புதுச்சேரி என்றதும் வாசகிகளில் பலருக்குக் கடற்கரையும், மஞ்சள் சுவர் வைத்த வீடுகளும், ஆசிரமமும், மணக்குள விநாயகரும் நினைவுக்கு வரும். அது பட்டணம். பட்டணத்துக்குப் பின்னால் நெல் வயலும் கரும்பும் ஏரியும் வாய்க்காலுமாகப் பரந்து கிடக்கும் ஒரு நாட்டுப்புறம் உண்டு. புதுச்சேரிப் பகுதியின் பரப்பு மொத்தமே சுமார் 290 சதுர கிலோமீட்டர்தான். அதில் பெரும்பகுதி இந்த நாட்டுப்புறமே. வில்லியனூரும் பாகூரும் அதன் இரண்டு தலைநகரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் தலை சுற்றும். புதுச்சேரிப் பகுதி ஒரே நிலமாக இல்லை. அவசரத்தில் கிழித்த துணி மாதிரி பத்துக்கு மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. இடையிடையே தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் புகுந்து புகுந்து வெளியே வருகின்றன. காரைக்கால் தனியே தஞ்சைப் பக்கம், மாஹே கேரளக் கரையில், ஏனாம் கோதாவரி முகத்தில் என்று எட்ட எட்ட இருப்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பக்கத்திலேயே இருக்கும் ஊர்களும் இப்படி ஒட்டாமல் கிடக்கின்றன என்பதுதான் வேடிக்கை.

இதை நேரிலேயே அனுபவிக்கலாம் என்று விழுப்புரம் போகும் பஸ்ஸில் ஏறினோம். ரெட்டியார்பாளையம், அரும்பார்த்தபுரம், பிறகு வில்லியனூர். அதைத் தாண்டி ஆரியபாளையத்தில் சங்கராபரணி ஆற்றுப் பாலம், அப்பால் அரியூர். இதுவரை எல்லாம் புதுச்சேரி. அடுத்து வந்தது கண்டமங்கலம், அது தமிழ்நாடு. "சரி, எல்லை தாண்டிவிட்டோம்" என்று சித்திரக்காரர் புத்தகத்தை மூடினாரோ இல்லையோ, திருவண்டார்கோயில் வந்தது. மறுபடியும் புதுச்சேரி! அதை அடுத்துத் திருபுவனை, மதகடிப்பட்டு இரண்டும் புதுச்சேரி. பிறகு மறுபடி தமிழ்நாடு. கடைப் பலகைகளில் உள்ள விலாசத்தையும், நிற்கும் ஸ்கூட்டர்களின் நம்பர் பலகையையும் பார்த்துத்தான் எந்த ராஜ்யத்தில் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

"இதிலே என்னம்மா கஷ்டம்?" என்றார் கண்டக்டர். "எங்க வீடு இந்தப் பக்கம், மாமியார் வீடு அந்தப் பக்கம். தீபாவளிக்கு நான் வெளிமாநிலம் போய்வர்றேன், நடந்தே!"

எல்லை ஏன் இப்படிக் கோணல்மாணலாக ஆயிற்று? காரணம் தெரிய வேண்டுமானால் 1749-ஆம் வருஷத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது பட்டணமும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடமும்தான். பிரான்சுவா மர்த்தேன் 1674-ல் வந்து உட்கார்ந்த வியாபார ஸ்தலம் அது. 1749-ல் ஆம்பூர்ச் சண்டையில் ஜயித்துக் கர்நாடக நவாப்பாகப் புதுச்சேரிக்கு வந்த சந்தா சாகிப், உதவி செய்த துய்ப்ளெக்ஸுக்கு நன்றிக் கடனாக வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து ஊர்களைக் கொடுத்தார். கொடுத்தது கிராமம் கிராமமாக. கோடு கிழித்து அல்ல. நம் வீட்டில் சீர் கொடுக்கிறபோது இந்தக் குடம், அந்தத் தாம்பாளம் என்று எடுத்து வைக்கிறோமே, அந்த மாதிரி. நடுவில் விடுபட்டுப் போன ஊர்கள் நவாப்பிடமே தங்கி, பிற்பாடு ஆங்கிலேயர் கைக்குப் போயின.

சீரைக் கொடுத்தாரே தவிர, அது நிலைக்கவில்லை. 1752 ஆகஸ்டில் பாகூருக்கு அருகிலேயே பெரிய சண்டை. ஆங்கிலத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், துய்ப்ளெக்ஸின் மருமகன் முறையான கெர்ஜானைத் தோற்கடித்துச் சிறை பிடித்தார். 1761-ல் புதுச்சேரியே விழுந்தது. பிறகு சமாதானம், மறுபடி சண்டை, மறுபடி சமாதானம். குழந்தைகள் பொம்மைக்கு அடித்துக்கொள்வது போல ஊர்கள் கை மாறின.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வருகிறது. அமெரிக்கா சுதந்திர நாடு என்று பிரிட்டன் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது 1783-ஆம் வருஷம் செப்டம்பர் 3-ந் தேதி. அதே தேதியில் வெர்சேயில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் தனியே ஒரு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதில் புதுச்சேரிக்குச் சுற்றுப்புறமாக வில்லியனூர், பாகூர் ஆகிய இரண்டு மாகாணங்களையும் பிரான்சுக்கு வாங்கித் தருவதாகப் பிரிட்டிஷ் மன்னர் ஒப்புக்கொள்கிறார். மகுடம் வைத்த இரண்டு ராஜாக்கள், அலங்கார மண்டபத்தில் தூதர்கள், பட்டுத் துணியில் முத்திரை. அவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கு நடுவில் நம் பாகூர்! அங்கே சேற்றில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சேதி போய்ச் சேர எத்தனை மாதம் ஆயிற்றோ, போய்த்தான் சேர்ந்ததோ!

1793-ல் ஆங்கிலேயர் மறுபடி பிடித்துக்கொண்டார்கள். கடைசியாக 1814-ஆம் வருஷத்து உடன்படிக்கைப்படி 1816-ல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்ப வந்தது. அன்று திருப்பிக் கொடுத்த துண்டுகளேதான் இன்றைய எல்லை. கூச்பிஹார்ப் பக்கம் இந்தியாவும் வங்காள தேசமும் இதே போன்ற 162 துண்டு நிலங்களை 2015-ல் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டு தீர்த்துவிட்டன. இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

திருபுவனையில் இறங்கி வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பினோம். இந்தக் கோயிலில் 1048-ஆம் வருஷத்துச் சோழர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 260 மாணாக்கர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த ஒரு கல்லூரிக்கு அளித்த மானியத்தை அது சொல்கிறது. 260 பேருக்குச் சாப்பாடு! "மெஸ் பில் யார் கட்டினார்கள்?" என்று சித்திரக்காரர் கேட்டார். ஊர் நிலம் கட்டிற்று.

மத்தியானம் வில்லியனூர். திருக்காமீசுவரர் கோயில் கோபுரம் தூரத்திலேயே அழைக்கிறது. அம்பாள் பெயர் கோகிலாம்பிகை. எவ்வளவு அழகான பெயர்! வைகாசியில் இங்கே நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு ஒரு விசேஷம் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் துரை வந்து வடம் பிடிப்பார். துரைகள் கப்பலேறிப் போன பிறகும் வழக்கம் போகவில்லை; துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். ஆட்சி மாறினாலும் தேர் நகர வேண்டும் அல்லவா?

கோயிலிலிருந்து சற்று தூரத்தில் லூர்து மாதா ஆலயம். 1877-ல் பிரான்சிலிருந்து கப்பலில் வந்த மாதா சொரூபம் இங்கே இருக்கிறது. ஆலயத்துக்கு எதிரே படிக்கட்டு வைத்த குளம், அசல் கோயில் தெப்பக்குளம் மாதிரியே. குளத்துப் படியில் ஒரு பாட்டி உட்கார்ந்து பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நம் சித்திரக்காரர் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க முக்கால் மணி பிடித்தது. அந்த அவகாசத்தில் நான் கடைத்தெருவுக்குப் போய்ச் சுடுமண் பொம்மை பார்த்தேன். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இவ்வூர்க் கலைஞர் முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. கையடக்கமான ஒரு குதிரை வாங்கினேன். அது பஸ் நெரிசலில் ஒரு காதை இழந்ததைப் பற்றி இங்கே விஸ்தரிக்கவில்லை.

வில்லியனூரில் ஓர் ஆட்டோ பேசிக்கொண்டு கீழூருக்குப் போனோம். சின்ன ஊர். வயல்வெளி, ஒரு நினைவு மண்டபம், காற்று. ஆனால் புதுச்சேரியின் தலையெழுத்தை எழுதிய இடம் இதுதான். 1954-ஆம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி பிரெஞ்சிந்திய சட்டசபை அங்கத்தினர்களும் கொம்யூன் சபைகளின் அங்கத்தினர்களுமாக 178 பேர் இங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேரலாம் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கை மாறிற்று. பிரெஞ்சு பார்லிமெண்ட் சம்மதம் கொடுத்து, சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்டு 16 ஆயிற்று. அந்தத் தேதியில்தான் ஆண்டுதோறும் இந்த மண்டபத்தில் கொடி ஏற்றுகிறார்கள்.

"கொம்யூன்" என்று சொன்னேனே, அது என்ன என்று வாசகிகள் கேட்பீர்கள். தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியம் என்கிறோம் அல்லவா, ஏறக்குறைய அந்த ஸ்தானம். ஆனால் பூர்விகம் வேறு. 1880-ஆம் வருஷம் மார்ச் 12-ந் தேதி ஓர் ஆணை பிறப்பித்துப் பிரெஞ்சு அரசு தன் நாட்டில் உள்ளது போலவே இங்கும் கொம்யூன்களை ஏற்படுத்தியது. முதலில் மொத்தம் 10. 1907-ல் அவை 17 ஆயின. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுத்த ஒரு சபை, அதற்குத் தலைவராக ஒரு 'மேர்', அவர் உட்கார 'மேரி' என்கிற கட்டடம். பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் அங்கே பதிவாக வேண்டும்.  தாலியைவிடக் கையெழுத்துக்கு அதிக மரியாதை கொடுத்த நிர்வாகம். தேர்தல் என்றால் அடிதடியும் உண்டு. அந்தக் கதைகளைச் சொன்னால் ஒரு தொடர்கதையே போடலாம்.

ஆக, கீழூரில் வாக்களித்தவர்களில் பலர் நாட்டுப்புறக் கொம்யூன்களின் பிரதிநிதிகள். உழுகிறவன் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆட்கள். அப்பேர்ப்பட்ட சபைகள் பிறகு என்ன ஆயின என்று விசாரித்தபோதுதான் எனக்குச் சற்று மனம் கசந்தது. 1968-ல் தேர்தல் நடந்தது. 1973-ல் கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் இயற்றி, 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் அவற்றின் கீழே கிராமப் பஞ்சாயத்துகளும் வகுத்தார்கள். சட்டம் இருந்தது, தேர்தல் இல்லை. அடுத்த தேர்தல் வந்தது எப்போது தெரியுமா? 2006-ல். முப்பத்தெட்டு வருஷம்! இடையில் பிறந்த குழந்தைகளுக்கே குழந்தைகள் பிறந்துவிட்டன. அந்த முறை மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்ததால், வீட்டு வாசலைத் தாண்டி வந்து நாற்காலியில் உட்கார்ந்த பெண்கள் பலர். 2011-ல் அவர்கள் பதவிக் காலம் முடிந்தது. அதன்பின் பத்து வருஷங்கள் தேர்தல் இல்லாமலே கழிந்தன. 2021-ல் தேதி குறித்தும் நடக்கவில்லை. ஆணையர்களே நிர்வாகத்தை நடத்தினார்கள்.

ஆட்டோக்காரரின் அம்மா அந்தத் தடவை கிராமப் பஞ்சாயத்தில் அங்கத்தினராக இருந்தவராம். "தெருவிளக்கு எரியலேன்னா ராத்திரி பத்து மணிக்கும் எங்க வீட்டுக் கதவைத் தட்டுவாங்க. அம்மா திட்டிக்கிட்டே போன் போடும். இப்போ யார் கதவைத் தட்டறது?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

மங்கலம், கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர்ச் சாலை. பூமி மெள்ள மெள்ளத் தாழ்ந்து, பச்சை அதிகமாகிறது. பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். வடக்கே சங்கராபரணி, தெற்கே தென்பெண்ணை. பாகூர் பெண்ணையாற்றுப் பிள்ளை. விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் புறப்பட்டு வந்து பாகூர் ஏரியை நிரப்புகிறது. கவனியுங்கள்: ஏரி புதுச்சேரியில், ஏரிக்குத் தண்ணீர் கொடுக்கும் அணை தமிழ்நாட்டில். வெர்சேயில் முத்திரை குத்தியவர்கள் ஊரைக் கேட்டு வாங்கினார்கள். ஊருக்கு வரும் தண்ணீரைக் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

புதுச்சேரிப் பகுதியில் மொத்தம் 84 ஏரிகள். மிகப் பெரியது ஊசுட்டேரி. அதிலும் பாதி புதுச்சேரிக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு. வெளிநாட்டுப் பறவைகள் அங்கே வந்து இறங்குகிறபோது எந்தப் பாதியில் இறங்குவது என்று யோசிப்பதில்லை. அடுத்தது பாகூர் ஏரி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. கரையில் ஏறி நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். மேலே கொக்கு வரிசை. கரைக்கு இந்தப் பக்கம் கதிர் வாங்கும் பருவத்தில் சம்பாப் பயிர். சித்திரக்காரர், "கறுப்பு மையில் இதை எப்படிப் போடுவது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றார்.

அத்தை கரைக்கே வந்துவிட்டாள். "வீட்டுக்கு வராம இங்கே நின்னு தண்ணியைப் பாக்கறீங்களே, தண்ணியைப் பாத்தா பசியாறுமா?" என்று அதட்டல். வழி நெடுகப் பேச்சு. பங்காரு வாய்க்காலைப் பற்றிப் பாகூரில் சொல்லும் கதையைச் சொன்னாள். சிங்காரி, பங்காரி என்று இரண்டு தாசிகள், அக்கா தங்கை. சேர்த்த பொன்னையெல்லாம் வாய்க்கால் வெட்டக் கொடுத்தார்களாம். பங்காரு என்றால் தெலுங்கில் பொன் என்பது உங்களுக்குத் தெரியும். புதுச்சேரிப் பட்டணத்துக்கும் இதே போல ஒரு கதை உண்டு. ஆயி என்கிற தாசி, அரசன் கட்டளைப்படி தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டினாள் என்றும், முத்திரையர்பாளையத்திலிருந்து அந்தத் தண்ணீர் பிற்காலத்தில் பட்டணத்துக்கு வந்தது என்றும் சொல்வார்கள். பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் காலத்தில் தண்ணீரைக் கொண்டுவந்த பொறியாளர் லமெரெஸ். பட்டணத்துப் பூங்காவில் வெள்ளை வெளேர் என்று நிற்கும் மண்டபத்துக்கு ஆயி மண்டபம் என்று பெயர். கவர்னர் பெயர் இல்லை, ராஜா பெயர் இல்லை. தண்ணீர் கொடுத்த பெண்ணின் பெயர். சரித்திரமோ கட்டுக்கதையோ, எனக்கு இது திருப்தியாக இருந்தது.

மறுநாள் காலையில் மூலநாதர் கோயில். சோழர் காலத்துக் கற்றளி. அடித்தளத்தில் விரல் நீளத்துக்கு நாட்டியப் பெண்கள் ஆடுகிறார்கள். கல்வெட்டுகளில் ஊர்ப் பெயர் வாகூர். ராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவன் காலத்துக் கல்வெட்டும் இங்கே உண்டு. தக்காணத்திலிருந்து வந்தவனுக்கும் இந்த நெல் மணத்திருக்கிறது. இதற்கும் முந்தியது பாகூர்ச் செப்பேடு. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாவது ஆட்சி ஆண்டில், வாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புணைச்சேரி என்ற மூன்று ஊர்களைத் தானமாக எழுதி வைத்த பட்டயம். 1879-ல் அது ஒரு பிரெஞ்சு நீதிபதியின் கைக்குக் கிடைத்து, அங்கிருந்து பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்விட்டது. பாகூரின் மிகப் பழைய பத்திரம் பாரிஸில். அத்தையின் பத்திரம் பிரெஞ்சில். இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் காகிதப் பொருத்தம் அப்படி.

காலைப் பலகாரம் ஆனதும் அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கற்பூர வாசனை. மஞ்சள் பட்டுத் துணியில் சுற்றிய பத்திரம். 1938-ஆம் வருஷம் பிரெஞ்சு நொத்தேர் முன்னிலையில் எழுதியது. மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். பாகூர்க் கொம்யூன். விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர். அளவு: 1 எக்தார், 60 ஆர், 53 சென்டியார்.

"இது என்ன கணக்கு? நம்மது மூணு காணி" என்றாள் அத்தை, சற்றுக் கலவரமாக.

பயப்பட ஒன்றுமில்லை. புதுச்சேரியில் காகிதம் பேசுவது ஒரு பாஷை, வாய் பேசுவது இன்னொரு பாஷை. பத்திரத்தில் ஆர், சென்டியார். பேச்சில் குழி, காணி. 576 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு காணி. 300 குழியைப் பெருக்கிப் பார்த்தால் பத்திரத்துக் கணக்குச் சரியாக வருகிறது. ஏக்கரில் ஏறக்குறைய 4. (காரைக்காலில் குழி 144 சதுர அடிதான். புதுச்சேரிப் பெண்ணைக் காரைக்காலில் கொடுக்கிறவர்கள் குழிக் கணக்கைக் கேட்டு மயங்கிவிட வேண்டாம்!)

நாலெல்லை வந்தது. வடக்கே வாய்க்கால். அதற்கு அடுத்த வரியை நான் இரண்டு தடவை மனசுக்குள் படித்துக்கொண்டு, அகராதியையும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "பாகூர் ஏரித் தண்ணீரால் பாயும் நெல் நிலம்."

"என்னது? திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னேன். அத்தை பேசவில்லை. பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். விலை பேசுகிறவர், "அங்கே வாய்க்கால் எல்லாம் தூர்ந்து எத்தனையோ காலம் ஆச்சு. அது வெறும் மேட்டு நிலம். ஏரிப் பாசனம்னு எந்தக் காகிதத்திலேயும் கிடையாது" என்று சாதித்திருக்கிறார். அத்தை நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் இல்லை. காரணம், வாய்க்கால் பாதி தூர்ந்திருப்பது மெய்தான். போர்வெல் வந்த பிறகு ஏரியை எதிர்பார்த்து நிற்பவர்கள் குறைந்தார்கள். மதகைத் திறக்கும் நாளில் மண்வெட்டியோடு வரும் ஆட்களும் குறைந்தார்கள். 1999-லிருந்து சில வருஷங்கள் ஐரோப்பியக் கூட்டமைப்பின் உதவியோடு 84 ஏரிகளையும் சீர்திருத்தி, ஏரிக்கு ஏரி சங்கம் அமைத்தார்கள். அப்போது இந்த வாய்க்காலிலும் தண்ணீர் வந்ததாம். மாமா கரையிலேயே கட்டில் போட்டுப் படுத்திருந்தாராம். பிறகு மெள்ள மெள்ளப் பழையபடி. கடலோரத்து ஊர்களிலோ போர்வெல் தண்ணீரில் உப்புக் கரிக்க ஆரம்பித்துவிட்டது. கடலுக்கும் பாகூருக்கும் அதிக தூரம் இல்லை என்பதை அத்தை சொல்லாமலே நான் புரிந்துகொண்டேன்.

"விக்கறதுன்னா ஒரு காரணமும் இருக்கு" என்றாள். 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் கரை ஏறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையைத் திறந்தார்கள். பெண்ணையாறு கரை புரண்டு சோரியாங்குப்பம், குருவிநத்தம் எல்லாம் வெள்ளக்காடு. அத்தையின் பயிர் முழுகிப் போயிற்று. "அணை அவங்களது, வெள்ளம் நமக்கா? நான் யாரைப் போய்க் கேக்கறது? அந்த ராஜ்யத்தையா, இந்த ராஜ்யத்தையா?" மூட்டை நெல்லில் முளை விட்டிருந்ததைச் சொல்லும்போது அத்தையின் குரல் மாறிவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முன் கடலூர்ப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். எல்லையைத் தாண்டி வருகிற மணப்பெண்ணின் புடவைகளைக்கூடச் சுங்கச் சாவடியில் பிரித்துப் பார்ப்பார்கள் என்று மாமியார் சொன்ன கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். இன்று சிரிக்கவில்லை.

மூவரும் நிலத்துக்குப் போனோம். வரப்பு வழுக்கிற்று. வடக்கே வாய்க்கால் இருந்தது. நாணலும் ஆகாயத் தாமரையும் அடைத்து, அடியில் ஒரு முழத் தண்ணீர் அசையாமல் நின்றது. பக்கத்து வயல்காரர் கரையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அத்தை அவரிடம் நேராகப் போய், "பத்திரத்திலே எழுதியிருக்காம், ஏரித் தண்ணி பாயற நிலம்னு. எங்க பொண்ணு படிச்சுச் சொல்லிடுச்சு" என்றாள்.

அவர் பீடியை எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எழுதியிருக்கட்டும் ஆச்சி. இதை வெட்டிவிட நாலு ஆள் வேணும். ரெண்டு நாள் வேலை."

"ரெண்டு ஆளுக்கு நான் கூலி கொடுத்துடறேன். மீதி ரெண்டு ஆள்?"

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "நானும் எம் பையனும்" என்றார்.

விலை பேசுகிறவருக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று திரும்பும் வழியில் கேட்டேன். "அறுப்பு முடியட்டும், பாக்கலாம். தையிலே சொல்லுன்னான், மாசியிலே சொல்றேன். அவன் என்ன, பொண்ணு பாக்கவா வந்திருக்கான், முகூர்த்தம் தப்பிப் போக?" என்றாள் அத்தை. பத்திரத்தைப் பழைய துணியில் சுற்றாமல், புதுசாக ஒரு பட்டுத் துணி தேடி எடுத்துச் சுற்றினாள்.

சாயங்காலம் கன்னியக்கோயில் நிறுத்தத்தில் எங்களைப் பஸ் ஏற்ற வந்தவள், தலைச்சுமையாக ஒரு மூட்டையும் கொண்டுவந்திருந்தாள். அரிசி. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கிற காரியமா? கண்டக்டர் மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடணும்மா" என்றார்.

"போடு" என்றாள் அத்தை கீழே நின்றபடியே, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்துக்கொண்டு. "பாகூர் ஏரித் தண்ணியிலே விளைஞ்சதுன்னு அதிலே எழுது!"